அத்தான் வீட்டுப் பகல் மின்சாரம்

விண்ணப்பத்தில் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு கேள்விகள். ஆபீஸ் கதவுக்கு எத்தனை பூட்டு என்பதில் தொடங்கி, பூட்டை உடைத்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள் என்பது வரை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை புண்ணியவான்கள். பதினேழாவது கேள்வி, 'நீங்கள் தகுதியும் நேர்மையும் உள்ள நபரா?' அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே 'ஆம்' என்று டிக் அடித்தாள். 'இல்லை' என்று எந்த மடையன் அடிப்பான்?

அவளும் புருஷனும் நடத்துவது ஒன்றரை அறைக் கம்பெனி. யாராவது சம்மதம் கொடுத்தால், அவர்கள் வீட்டு மீட்டர் அரைமணிக்கு ஒரு தரம் குறித்துவைக்கும் மின்செலவுக் கணக்கை மின்கம்பெனியிடமிருந்து வாங்கி, எந்தக் கட்டணத் திட்டத்துக்கு மாறினால் நல்லது என்று இவர்களுடைய செயலி சொல்லிவிடும். ஆனால் தகவல் பகிர்வு ஆணையம் அங்கீகாரம் கொடுத்தால்தான் மின்கம்பெனிகள் கதவையே திறக்கும். அது கிடைக்காவிட்டால் இருவரும் விட்டுவந்த வேலையைக் கேட்டுப் பழைய மேனேஜர் முன்னால் போய்ப் பல்லை இளித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஆள் முகத்தை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சோதனைக்கு ஒரே ஒரு நிஜ வாடிக்கையாளர் வேண்டும் என்றது ஆணையம். அக்கா புருஷன்தான் தலையைக் கொடுத்தார். "என் வீட்டு ஃபேன் ஓடுறதுல என்ன ரகசியம் இருக்கப்போகுது" என்று சிரித்தபடி சம்மதப் பொத்தானை அழுத்திவிட்டுப் போனார் அத்தான்.

மூன்றாவது வாரம், எண்கள் ஒழுங்காக வருகின்றனவா பார்ப்போம் என்று அவர் வீட்டு மின்செலவு வரைபடத்தைத் திறந்தாள். அக்கா பள்ளிக்கூட டீச்சர், அத்தானுக்குக் கிடங்கில் வேலை. பகலில் அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் மட்டும்தான் முனகிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் காலை ஒன்பதரைக்குக் கெட்டில் போட்டாற்போல் ஒரு எகிறல். பதினொன்றுக்கு இன்னொன்று. ஒன்றிலிருந்து மூன்று வரை டிவி ஓடுகிற அளவுக்கு ஒரு மேடு. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு நாள் தப்பவில்லை.

அவள் வயிற்றில் ஒரு சேதி தங்கியதாகச் சரித்திரமே கிடையாது. பாவாடை கட்டிய காலத்திலிருந்து எது தெரிந்தாலும் ஐந்து நிமிஷத்தில் அக்கா காதுக்குப் போய்விடும். புருஷன் பாத்ரூமிலிருந்து வெளியே வருவதற்குள் போன் போட்டு, அத்தான் லீவா, பகல் பூராவும் வீட்டில்தான் இருக்கிறார் போலிருக்கிறதே என்று சொல்லிவிட்டாள். அக்கா பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

அத்தானுக்கு வேலை போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, அக்கா பஸ் ஏறியதும் வீடு திரும்பிவிடுவாராம். வேறு வேலை கிடைத்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார், பாவம். குட்டு உடைந்த அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒருவருக்கொருவர் பேச்சு இல்லை.

இந்த அழகில் ஆணையத்து ஆய்வாளர் அம்மா வந்து இறங்கினார். பூட்டைப் பார்த்தார், கடவுச்சொல் மாற்றிய தேதிகளைப் பார்த்தார், குப்பைக்கூடையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார். கடைசியில், ஏதாவது தகவல் கசிந்தால் எழுதிவைக்கும் சம்பவப் பதிவேட்டைக் கேட்டார். புருஷன் பெருமையாக நீட்டினான். அத்தனை பக்கமும் காலி.

"காலிப் பதிவேட்டைப் பார்த்தாத்தான் எனக்கு வயித்துல புளியைக் கரைக்கும்" என்றார் அந்த அம்மா. பிறகு, வரவழைத்திருந்த வாடிக்கையாளரை உள்ளே கூப்பிட்டார்.

அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார். சம்மதித்த வேலையைத் தவிர வேறு எதற்காவது உங்கள் தகவலைப் பயன்படுத்தினார்களா என்று ஆய்வாளர் கேட்டார். அத்தான் மேசை விளிம்பை விரலால் தேய்த்தார்.

"இல்லைங்க மேடம். ஒழுங்கா நடந்துக்கிட்டாங்க."

அப்பாடா என்று புருஷன் விட்ட மூச்சு அடுத்த அறைக்கே கேட்டிருக்கும். அவளுக்கோ உடம்பெல்லாம் கூசியது. குடியைக் கெடுத்தவளுக்காக மனுஷன் பொய் சொல்கிறாரே என்று எழுந்துவிட்டாள்.

"அவர் சொல்றது பொய் மேடம். நான் பார்த்தேன். பார்த்துட்டு எங்க அக்காகிட்ட சொல்லிட்டேன்."

புருஷன் தலையில் கையை வைத்துக்கொண்டான். ஆய்வாளர் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார். தேதி, நேரம் எழுதினாள். 'கசிந்தது எவ்வழி' என்ற கட்டத்தில் 'என் வாய்' என்று எழுதினாள். இனிமேல் எந்த வீட்டு வரைபடத்தையும் கம்பெனியில் ஒருவரும், முக்கியமாகத் தான், திறக்க முடியாதபடி செய்வதாகவும் எழுதினாள். ஆய்வாளர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, அதை முதலில் செய்யுங்கள், அங்கீகாரத்தை மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம், 'நேர்மை உள்ள நபரா' என்ற பதினேழாவது கேள்விக்கு அப்போது புதிதாகப் பதில் எழுதுங்கள் என்றார்.

ஒரு சோதனை மிச்சமிருந்தது. அத்தான் சம்மதத்தைத் திரும்பப் பெறும் பொத்தானை அழுத்தினார். நான்கே நொடியில் கெட்டில், டிவி எல்லாம் திரையிலிருந்து துடைத்தாற்போல் போயின. "சிஸ்டம் பாஸ்" என்று குறித்துக்கொண்டு கிளம்பினார் அந்த அம்மா. ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் அத்தான் பின்னாலேயே மாடிப்படி வரை ஓடினாள்.

"அக்கா பேசுறாளா அத்தான்?"

"என்னை ஏன் கேக்குற? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"இப்ப ஒண்ணும் தெரியாது. அதான் கேக்குறேன்."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "பேசல" என்றார். எத்தனை இடத்தில் வேலை கேட்டார், எங்கெல்லாம் வயதைக் காரணம் காட்டி அனுப்பினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது அவள் போன் அடித்தது. அக்கா.

"என்னடி, அவரு வந்தாரா? ஏதாவது சொன்னாரா?"

சொல்ல வேண்டியது அத்தனையும் நாக்கு நுனியில் நின்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பக்கத்துலதான் இருக்காரு. நீயே கேளு" என்று போனை அத்தான் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.