கழுவ முடியாத கை

அந்த ரப்பர் கையை மூக்கருகே கொண்டுபோனதுமே நர்சு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேற்றைய சீழ் விரலிடுக்கில் போய்க் குடியேறிவிட்டது. எத்தனை சோப்புப் போட்டாலும் நான் போகமாட்டேன் என்கிறது.

பேருந்து கவிழ்ந்ததில் அவளுடைய இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. வேலைக்குத் திரும்பிய அன்று ஆஸ்பத்திரிக்காரர்கள் பூச்செண்டோடு இந்த ரப்பர் கையையும் கொடுத்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு பாசம் பொங்கினாலே பின்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இருந்தது. கட்டுப் போடும் அறையில் அவள் வேலையை ஒரு வாரம் பார்ப்பார்களாம். சரிப்படாவிட்டால் வாசலில் டெலிபோன் முன்னால் பொம்மை மாதிரி உட்கார வேண்டுமாம். நர்சாகப் புண்ணோடு மல்லுக்கட்டியே காலம் தள்ளியவளுக்கு அது உயிரோடு புதைப்பதற்குச் சமம்.

இன்று கடைசி நாள். முடிவு சொல்லவேண்டிய தலைமை நர்சு, பெரிய சிஸ்டர், கதவோரம் கைகட்டி நின்றாள்.

நர்சு ரப்பர் கையை மேசையில் வீசினாள். குழாயடியில் சுவரோடு அறைந்திருந்த பிரஷ்ஷில் மொட்டைக் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அதற்கு மேல் சுத்தமான பிளாஸ்டிக் உறையையும் வலது கையில் கையுறையையும் மாட்டிக்கொண்டு வந்தாள்.

கட்டிலில் கசாப்புக் கடைக்காரர் காலை நீட்டிக் கிடந்தார். சர்க்கரை வியாதிக்காரர். பக்கத்தில் அவருடைய மருமகள், மூக்கில் கைக்குட்டை.

"என்னம்மா இது, கட்டையும் அதுவுமா? பாக்கவே அருவருப்பா இருக்கு. வேற ஆளே கிடைக்கலையா?" என்றார் அவர்.

"காலம் முழுக்க ஆடு உரிச்சவருக்கு இது அருவருப்பா?"

"அது செத்த ஆடும்மா."

"இது சாகப்போற காலுங்க. ஆடாம இருங்க."

துணியைப் பிரித்தாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் கல்லுப்பு. உப்புக்கும் சதைக்கும் நடுவே புழு நெளிந்தது. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"எந்தப் புத்திசாலி உப்பு வச்சது?"

"நான்தான். உரிச்ச தோலு கெடாம இருக்க உப்புதானே தடவுவோம்?"

அவளுக்கு அவரை ஓர் அறை அறையலாம் போலிருந்தது.

"முதல்ல கையை மாட்டு," என்றாள் பெரிய சிஸ்டர். "பாக்குறவங்களுக்குச் சங்கடமா இருக்கில்ல?"

"அதுல சீழ் ஊறிக் கிடக்கு சிஸ்டர். அதை இந்தப் புண்ணுல வைக்கச் சொல்றீங்களா? மோந்து பாருங்க."

ரப்பர் கையை நீட்டினாள். பெரிய சிஸ்டர் இரண்டடி பின்னால் போனாள்.

"என் காலை விடவா நாறுது?" என்றார் கசாப்புக் கடைக்காரர்.

"நீங்க வாயை மூடிக்கிட்டு இருங்கய்யா."

ரப்பர் கை மறுபடி மேசைக்கே போனது. வலது கையுறையைப் புதிதாக மாற்றிக்கொண்டு, உப்பை நீர் விட்டுக் கரைத்தாள். இடுக்கியால் புழுக்களைப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டாள். அழுகியதை வெட்டினாள். கட்டுத்துணியின் நுனியை மொட்டைக் கையால் கணுக்காலில் அழுத்திப் பிடித்து, வலது கையால் சுற்றினாள். கட்டு விறைப்பாக நின்றது. அவர் கடைசிவரை முகத்தைச் சுளித்தபடியே இருந்தார். நன்றி கின்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை.

பெரிய சிஸ்டர் காலில் போட்ட கட்டை இழுத்துப் பார்த்தாள். "சரி, இந்த ரூம் உனக்குத்தான். அந்தக் கையையும் மாட்ட வேணாம்."

நர்சுக்கு மூச்சு வந்தது.

"ஆனா ஒண்ணு. மத்த பொண்ணுங்க இந்த மாதிரிக் காலைத் தொடவே மாட்டேங்குறாளுங்க. இனிமே புழு வச்சது, அழுகினது எல்லாம் உன் தலையிலதான். உனக்கென்ன, பழகிடுச்சு."

அவளும் அழுகினதோடு சேர்த்தி, அவ்வளவுதான் கணக்கு. கைகள் இரண்டும் முழுசாக இருக்கிறவளுகளுக்கு நல்ல புண், இவளுக்குப் புழு. வாயெல்லாம் கசந்தது.

"அனுப்புங்க," என்றாள்.

பெரிய சிஸ்டர் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் நர்சு கிண்ணத்திலிருந்த புழுக்களைப் பையில் கொட்டி, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.