சூடு ஆறுவதற்குள்

மேரி சூட்டு அறையிலிருந்து வெளியே வந்தபோது மணி பத்தே கால். மார்பில் மறுபடி வந்த புற்றுக்கட்டியின் மேல் வெந்நீர்ப் பையை வைத்து, ஒரு மணி நேரம் இயந்திரத்தால் சூடேற்றியிருந்தார்கள். கழுத்துக்குக் கீழே தோல் சிவந்திருந்தது. அவள் கணவன் ஜெயக்குமார் ஃபைலோடு கதிர்வீச்சு அறைக்கு ஓடினான். சூடு வைத்த ஒரு மணி நேரத்துக்குள் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தால்தான் பலன் என்று டாக்டர் முதல் வாரமே சொல்லியிருந்தார்.

அறை மூடியிருந்தது.

"உள்ள யாருக்கும்மா வெக்கிறாங்க?"

"யாருக்கும் இல்லண்ணா" என்றாள் டெக்னீஷியன் சுகாசினி. "புது மெஷினப் பாக்க பெரிய ஆளுங்க வந்திருக்காங்க. சுத்திக் காட்டிக்கினு இருக்காங்க. பத்து நிமிஷம்."

பதினொன்றே கால் ஆயிற்று. ஜெயக்குமார் கதவைத் தட்டினான். டை கட்டிய ஒருவர் பாதி திறந்து, "போட்டோ எடுக்கறாங்கப்பா" என்று சிரித்துவிட்டு மூடினார்.

அவன் சாயப் பட்டறையில் வேலை செய்பவன். விரல் நுனிகளில் அரக்குச் சிவப்பு ஏறியிருந்தது. "கொதிக்கிற தண்ணில முக்குனாத்தாம்மா நூலுல சாயம் புடிக்கும். ஆறவுட்டு முக்கிட்டு, புடிக்கலன்னா யார் மேல தப்பு?"

"எனக்கும் தெரியும்ண்ணா. ரெண்டு வாட்டி உள்ள போய் சொன்னேன். வெளிய நில்லுன்னுட்டாங்க."

"அப்ப மறுபடி சூடு வை."

"வாரத்துக்கு ஒரு வாட்டிதான் வெக்கணும். மதியம் வேற பேஷண்ட் இருக்குது."

"உடுய்யா, அந்தப் பொண்ணு என்னா பண்ணும்" என்றாள் மேரி.

"நீ சும்மா இரு. கட்டி மறுபடி தெரிஞ்சப்பவும் உடு உடுன்னு சொல்லித்தான் இங்க வந்து நிக்கிறோம்."

மேரி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவனுக்கே பட்டது.

வந்தவர்கள் பொன்னாடையோடு வெளியேறியபோது பன்னிரண்டரை. மேரியை உள்ளே கூப்பிட்டார்கள். கால் மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள்.

சுகாசினி ஃபைலை நீட்டினாள். மூன்றாம் வாரத்துக்கு நேராக, சூடு, கரண்ட் இரண்டு கட்டங்களிலும் டிக் அடித்திருந்தது. ஜெயக்குமார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எத்தினி மணிக்கு வெச்சதுன்னு எழுதலியாம்மா?"

"நேரத்துக்குக் கட்டம் இல்லண்ணா."

ஏசிக் குளிரில் மேரி முந்தானையை இழுத்துப் போர்த்தி நடுங்கிக்கொண்டிருந்தாள். சுகாசினி அவன் முகத்தைப் பார்க்காமல், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள்.