ஆடு சாய்ந்தால்தான் கணக்கு

இரும்பு ஆட்டைச் சுட்டால் போதாது, அது சாய வேண்டும். எங்கள் ஆட்டத்தின் சட்டம் அவ்வளவுதான். குண்டு பட்டு, மணியடித்த மாதிரி சத்தம் கேட்டு, பெயின்ட் தெறித்து, அதற்குப் பிறகும் ஆடு முறைத்துக்கொண்டு நின்றால் அது கணக்கில் சேராது. இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும், ஆட்டு வடிவில் வெட்டிய கனத்த தகட்டைக் கைத்துப்பாக்கியால் கவிழ்ப்பது லேசான காரியமில்லை. அதனால்தான் ஐடஹோ மாநிலத்தில் எங்கள் பக்கத்து ரிவால்வர்க்காரர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு மழையில் ஆரம்பித்தாலும் எந்தக் காலிபர் நல்லது என்ற சண்டையில்தான் முடியும்.

எங்கள் வீட்டில் அந்தச் சண்டை சாப்பாட்டு மேஜைக்கே வந்துவிட்டது. என்னிடம் இரண்டு ரிவால்வர்கள். நாற்பத்துநாலு காலிபர் பெரியவன், முந்நூற்றைம்பத்தேழு சின்னவன். எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது, பெரியவனின் குண்டுதான் தடிமன். சின்னவன் சாது. சொன்ன இடத்தில் அடிப்பான், ஆனால் பாதி நேரம் ஆடு 'டங்' என்று பதில் சொல்லிவிட்டு அப்படியே நிற்கும். பெரியவன் அடித்தால் ஆடு சாயும். கூடவே சுடுகிறவளின் கையையும் உதைப்பான்.

போன அறுவடையில் பீட்கிழங்கு லாரியின் மேலிருந்து விழுந்து என் வலது மணிக்கட்டு நொறுங்கியது. உள்ளே தகடு வைத்துத் திருகாணி முடுக்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து என் புருஷன் ஆர்லோவுக்கு ஒரே பல்லவி.

"பெரியவனைத் தலைமுழுகு, டெல். டாக்டர் என்ன சொன்னாரு? அந்தத் தகடு நகந்துச்சுன்னா காபிக் கப்பக்கூடத் தூக்க முடியாதுன்னாரு. சின்னவன் போதும்."

"சின்னவனை வச்சு ஆட்டுக்கு முதுகு சொறிஞ்சு விடவா?"

"சிரிக்காதடி. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயம்தான், ஆனால் வேறு பயம். இன்றைக்குப் பெரியவனை விட்டுக்கொடுத்தால் நாளைக்கு லாரி, அதற்கடுத்து ட்ராக்டர், கடைசியில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி. ஐம்பத்தாறு வயதில் அந்த நாற்காலியில் உட்கார எனக்கு இஷ்டமில்லை. கத்திக் கத்திக் களைத்துப்போய் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஆகஸ்ட் போட்டியில் ஐந்து ஆடுகளில் மூன்றையாவது பெரியவனை வைத்துச் சாய்த்தால், ஆர்லோ இனி வாயே திறக்கக் கூடாது. சாய்க்காவிட்டால் பெரியவன் அடுத்த நாளே என் தங்கை வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

தோட்டா தயாரிப்பது எங்கள் ஷெட்டில்தான். கோழிக்கும் பன்றிக்கும் வான்கோழிக்கும், அவையெல்லாம் கிட்டத்தில் நிற்கிற சின்ன இரும்புகள், வெடிமருந்து குறைவான தோட்டா. ஆட்டுக்கு மட்டும் மருந்து நிறைத்த தோட்டா, சிவப்பு மூடி போட்ட பெட்டியில். இங்கே எல்லோரும் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள். தோட்டா யந்திரத்தின் கைப்பிடியை அழுத்த என் மணிக்கட்டு இடம் கொடுக்காததால், இந்த வருடம் எனக்கும் சேர்த்து ஆர்லோவே தயாரித்தான்.

போட்டி நாளில் புழுதிக் காற்று அடித்தது. மைதானத்தை நடத்துகிற ராய்ஸ் என்னைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டான்.

"என்ன டெல்ஃபா, இரும்பச் சுட இரும்புக் கையோட வந்துட்டியா?"

"யோவ், உன் வாயிலயும் ஒரு தகடு வச்சு முடுக்கச் சொல்றேன் இரு."

கோழி, பன்றி, வான்கோழி மூன்றும் நன்றாகவே போயின. கை வலித்தது, ஆனால் பொறுக்கக்கூடிய வலி. அடுத்து ஆடுகள். தரையில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, ரிவால்வரைக் கெண்டைக்கால் ஓரமாக அணைத்துப் பிடித்தேன். தூரத்துச் சுடுகைக்கு எங்கள் ஊரில் இதுதான் வாகு. துப்பாக்கியின் பக்கவாட்டில் பாயும் நெருப்பு பேன்ட்டைப் பொசுக்காமல் இருக்கக் காலில் தோல்பட்டை. எனக்குப் பின்னால் ஆர்லோ தொலைநோக்கியோடு குந்தியிருந்தான். குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை.

சிவப்பு மூடிப் பெட்டியைத் திறந்து ஐந்து தோட்டாக்களைப் போட்டேன். நிறைமருந்துக்குத் தகுந்தபடி குறியை வைத்துக்கொண்டேன். ஆட்டுக்கு ஒரு குண்டு, இடமிருந்து வலம், ஐந்துக்கும் சேர்த்து இரண்டு நிமிடம்.

"சுடலாம்!" என்று ராய்ஸ் கத்தினான்.

பல்லைக் கடித்துக்கொண்டு விசையை இழுத்தேன். பெரியவன் உதைக்கவில்லை. லேசாகத் தோளைத் தட்டிவிட்டுப் போனதுபோல் இருந்தது. ஆட்டின் காலடிக்கு முன்னால் புழுதி எழும்பியது.

"கீழ," என்றான் ஆர்லோ. அவ்வளவுதான் சொன்னான்.

காற்றாக இருக்கும், பயத்தில் நான் குழலைத் தாழ்த்தியிருப்பேன் என்று நினைத்தேன். இரண்டாவது ஆட்டின் வயிற்றைக் குறிவைத்து மூச்சை அடக்கிச் சுட்டேன். மறுபடி அதே செல்லத் தட்டு. குண்டு ஆட்டின் கால் குளம்பில் பட்டு 'டங்' என்றது. ஆடு நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"கீழ," என்றான் மறுபடி.

அப்போது எனக்கு உறைத்தது. சிவப்பு மூடிப் பெட்டியில் இருப்பது நிறைமருந்து இல்லை. தோட்டாக்களைத் தயாரித்தது ஒரே ஒருவன். என் கையைக் காப்பாற்றுகிறேன் என்று ஒப்பந்தத்தையே திருடியிருக்கிறான். அங்கேயே எழுந்து அவன் தொலைநோக்கியை உடைக்கலாம்போல் இருந்தது. ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மீதி மூன்று ஆடுகளும் சாய்ந்தால்தான் பெரியவன் என்னோடு இருப்பான், ஒன்று நின்றாலும் போய்விடுவான். எவ்வளவு உயர்த்திப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஊகித்துச் சுட்டுப் பார்க்க என்னிடம் குண்டு மிச்சமில்லை.

ஆர்லோ பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தாலே போதும், நினைத்தது நடந்துவிடும். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் பூட்ஸ் சரளையில் நெரிபடும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு என் காதுமூடிக்குப் பக்கத்தில் குனிந்தான். மூச்சு வாங்கினான்.

"முதுகுக்கு மேல பிடி. ஆட்டுக் கால் எவ்வளவு ஒசரமோ, அந்தளவு காத்து விட்டுப் பிடி. உச்சி முதுகுல விழும். உச்சில விழுந்தா இந்த மருந்துக்கே சாயும்."

ராய்ஸ் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். இத்தனை துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால் இதே தோட்டாவை இதே தூரத்தில் சுட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஆர்லோவின் முகம் சிவந்துபோயிருந்தது.

"சொல்றது நெஜமா?" என்றேன், திரும்பாமல்.

"பொய் ஏற்கெனவே சொல்லியாச்சு. சுடு."

ஆட்டை விட்டுவிட்டு அதன் மேலே வெறும் ஆகாயத்தைக் குறிவைத்தேன். அவனை நம்புவதற்கு அதைவிட மோசமான நேரம் இருந்திருக்க முடியாது. சுட்டேன். சத்தம் வந்து சேருமுன்பே மூன்றாவது ஆடு பின்பக்கம் மறைந்தது.

"சாஞ்சது!" என்றான் ஆர்லோ. தோற்கிறவன் குரலாக அது இல்லை.

நான்காவதும் சாய்ந்தது. ஐந்தாவதற்கும் அதேபோல் மேலே பிடித்தேன். "அரை நிமிஷம்," என்றான் ராய்ஸ். விசையை இழுத்தேன். டங். ஆடு பின்னால் சாய்ந்து, முன்னால் வந்து, மறுபடி பின்னால் போய் அங்கேயே யோசித்துக்கொண்டு நின்றது. ஆர்லோ, "விழுடா, விழுந்து தொலைடா," என்று முணுமுணுத்தான். விழுந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில், கிளை ரோடு திரும்பியதும் கேட்டேன்.

"ரெண்டு ஆடு போறவரைக்கும் ஏன் சும்மா இருந்த?"

"மூணாவதும் போகட்டும்னுதான் இருந்தேன். முடியல. உன்னப் பாத்து அவனுங்க சிரிச்சானுங்க, டெல்."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அவனைத் திட்டினேன், எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தைகளையும் போட்டு. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை ஷெட்டில் யந்திரத்தின் முன் நான்தான் உட்கார்ந்தேன். அவன் காபியோடு வாசலில் வந்து நின்றான்.

"இனிமே இதத் தொட்ட, உனக்கும் தகடு வைக்கவேண்டி வரும்," என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனான். கைப்பிடியை இடது கையால் அழுத்திப் பழகினேன். வலது மணிக்கட்டு அன்று காலை கொஞ்சம்கூட வலிக்கவில்லை. அதை நான் அவனிடம் சொல்லவில்லை. மருந்து அளக்கும் தராசை மட்டும் அவன் வைத்திருந்த குறைந்த அளவிலேயே விட்டு, சிவப்பு மூடிப் பெட்டியை நிரப்ப ஆரம்பித்தேன்.