பார்த்தும் கொடுக்காத பந்து

திங்கட்கிழமை காலை கோச் ப்ரோனியுஸ் கதவைத் தட்டாமலே வைவாவின் அறைக்குள் வந்தார். அவருடைய பூட்ஸிலிருந்து உருகிய பனி, தரையில் கறுப்புக் கறுப்பாகச் சொட்டியது. இரண்டு கையிலும் காபிக் கோப்பை. வைவா அந்தக் கூடைப்பந்துக் கிளப்பில் ஆட்டக் கணக்குப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்து இரண்டு சீசன் ஆகிறது. அவர் அவளுக்குக் காபி கொண்டுவந்தது இதுதான் முதல் தடவை. 'பேராசிரியர்' என்று கிண்டலாகக் கூப்பிடுவது மட்டும் தினமும் உண்டு.

"பாத்தியா பேராசிரியரே? மூணு மேட்ச். மூணுலயும் சேத்து பையன் ஒரே ஒரு பந்துதான் கோட்டை விட்டிருக்கான்."

"பாத்தேன்."

"என்ன, இழுக்கிற? நீதானே அவனுக்காக என்கிட்ட மல்லுக்கு நின்னே? வியாழக்கிழமை கூட்டம். மூணு வருஷ ஒப்பந்தம் கொடுத்துடலாம்னு நானே சொல்லப்போறேன். நீயும் உன் அறிக்கைய அப்படியே எழுதிடு. நாம ரெண்டு பேரும் ஒத்துப்போறது இதான் மொத தடவ. போட்டோ எடுத்து மாட்டணும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். காபி நன்றாக இருந்தது. அதுதான் வைவாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பையன் பெயர் கீதிஸ். பதினெட்டு வயது முடியவில்லை. பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து, யார் எங்கே ஓட வேண்டும், பந்து யாரிடம் போக வேண்டும் என்று ஆட்டத்தை நடத்துகிறவன். அவர்கள் ஊரான கவுனாஸில் பாயிண்ட் கார்டைப் பற்றிக் கருத்தில்லாத ஆளே கிடையாது. வைவாவின் பல் டாக்டர், அவள் வாயைத் திறந்து வைத்துவிட்டு, இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு இடது கை வராது என்று கால் மணி நேரம் பேசியிருக்கிறார். பதில் சொல்ல முடியாத நிலையில் இருப்பவளிடம் பேசுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

இலையுதிர் காலத்தில் கீதிஸ் மேட்சுக்கு ஐந்து, ஆறு தடவை பந்தை எதிரணிக்குத் தாரை வார்த்தான். ப்ரோனியுஸ் அவனை அனுப்பிவிடலாம் என்றார். வைவா ஒவ்வொரு இழப்பையும் வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து ரகம் பிரித்தாள். தட்டிக்கொண்டு ஓடும்போதே பறிகொடுத்தது ஒரு ரகம். சோம்பலாக எறிந்து விட்டது இன்னொரு ரகம். மூன்றாவது ரகம்தான் அவளை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது. வளையத்தின் கீழே தனியாக நிற்கப்போகிறவனுக்கு, அவன் அங்கே போய்ச் சேரும் முன்பே அனுப்பிய பந்து. வாங்க வேண்டியவன் எதிர்பார்த்திருக்க மாட்டான். பந்து அவன் தோளில், காதில், ஒரு தடவை முதுகிலேயே பட்டு வெளியே போனது. கீதிஸின் இழப்புகளில் பாதிக்கு மேல் இந்த ரகம். நாட்டின் இளையோர் லீக்கில் கடந்த பத்து ஆண்டுகளில் ஆடிய கார்டுகளின் புள்ளிவிவரம் அவளிடம் இருந்தது. அந்த வயதில் இப்படிப் பந்தை விட்டவர்கள்தான் பின்னால் பெரிய ஆட்டக்காரர்களாக வளர்ந்திருந்தார்கள். தவறே செய்யாத பையன்கள் பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். அதைச் சொல்லித்தான் அவள் அவனைக் காப்பாற்றினாள்.

இப்போது அவன் தவறே செய்வதில்லை.

காபி ஆறிய பிறகு வைவா சனிக்கிழமை மேட்சைப் போட்டுப் பார்த்தாள். மூன்றாவது கால் பகுதி. அணியின் நெட்டையன் உக்னியுஸ் தடுப்பவனை ஏமாற்றிவிட்டு, பின்பக்கமாக வளையத்தை நோக்கி ஓடுகிறான். கீதிஸின் தலை அந்தப் பக்கம் திரும்புகிறது. அரை நொடிதான். பிறகு பந்து பக்கத்தில் நிற்பவனிடம் பத்திரமாகப் போகிறது. அவள் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தாள். தலை திரும்புகிறது. பார்க்கிறான். கொடுக்கவில்லை. அதற்கு முந்தைய மேட்சிலும் அப்படியே. பார்க்கிறான், கொடுக்கவில்லை. கொடுத்த பந்துக்கும் இழந்த பந்துக்கும் கணக்கு உண்டு. பார்த்தும் கொடுக்காததை எழுதிவைக்க எந்த லீக்கிலும் ஓர் இடம் கிடையாது.

மதியம் பயிற்சி முடிந்ததும் அவள் கீழே இறங்கிப் போனாள். மற்றவர்கள் குளிக்கப் போயிருந்தார்கள். கீதிஸ் சுவரோரம் உட்கார்ந்து, அம்மா கட்டிக்கொடுத்த கறுப்பு ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் தின்றுகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழப்பார்த்தான்.

"உக்காரு, உக்காரு. சாப்பிடு. சனிக்கிழம மூணாவது குவார்ட்டர்ல உக்னியுஸ் பின்னால ஓடினானே, பாத்தியா?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "பாத்தேன்."

"அப்புறம்?"

"அவன் கையில நிக்காதுங்க. அவன் கை சும்மா மரக்கட்ட மாதிரி. அவனே சொல்வான், வேணும்னா கேட்டுப் பாருங்க."

"ஒருவேள நின்னிருந்தா?"

"நிக்கலேன்னா கோச் என்னத் தூக்கிப் பெஞ்சுல போடுவாரு. டிசம்பர்ல ரெண்டு மேட்ச் முழுக்க உக்காந்திருந்தேனே. உக்காந்துகிட்டே எப்படி ஆடிக் காட்டறது?" ரொட்டியைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தான். "அம்மாவுக்கு நார்வேயில வேல தயாரா இருக்கு. சித்தி வேல பாக்கிற மீன் கம்பெனி. ஜூன்ல கிளம்பணும். இங்க ஒப்பந்தம் கெடச்சா நான் இருப்பேன். இல்லேன்னா நானும் அங்க போய் மீன அடுக்கணும். அங்க யாருங்க பாஸ்கெட்பால் ஆடறா? எல்லாரும் பனியில சறுக்கறானுங்க."

வைவாவுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. பிறகு அவன் கேட்டான்:

"ஏன், என் நம்பர்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு. அதான் எனக்குப் பிடிக்கல."

"பிடிக்கலியா?" அவன் உண்மையாகவே குழம்பிப்போனான். "எல்லாரும் இப்பத்தான் என்னப் பிடிக்குதுங்கறாங்க."

மாடிப்படி ஏறும்போது வைவாவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அந்தப் பையன் என்ன செய்வான்? அவனிடம் கேட்டதை அவன் கொடுத்திருக்கிறான். வியாழக்கிழமை வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவனுக்கு ஒப்பந்தம் கிடைத்துவிடும். மூன்று வருடம் பந்தைப் பத்திரமாகப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்துக்கொண்டிருப்பான். அதற்குப் பிறகு யாரும் அவனைத் தேட மாட்டார்கள். மீன் அடுக்குவதைவிட அது மோசமா? அவளால் சொல்ல முடியவில்லை. புதன்கிழமை முழுவதும் அறிக்கையை எழுதி எழுதி அழித்தாள்.

வியாழக்கிழமை கூட்டத்தில் ப்ரோனியுஸ் சுருக்கமாகப் பேசி முடித்தார். கிளப்பின் இயக்குநர் வீதேனிஸ் வைவாவின் பக்கம் திரும்பினார். அவர் மர வியாபாரி; எதையும் இரண்டு வாக்கியத்தில் கேட்டுப் பழகியவர். "நீங்க சொல்லுங்க. எடுக்கலாமா, வேண்டாமா?"

"எடுக்கலாம். ஆனா இந்த மூணு மேட்சப் பாத்து எடுக்காதீங்க," என்றாள் வைவா. திரையில் அந்த அரை நொடியைப் போட்டுக் காட்டினாள். தலை திரும்புவதையும், பந்து வேறு பக்கம் போவதையும். "அக்டோபர்ல இதே எடத்துல கொடுத்தான். பந்து வெளிய போச்சு, நாம திட்டினோம். இப்ப கொடுக்கறதில்ல, நாம தட்டிக்கொடுக்கறோம். இப்படி ஆடற பசங்க நம்மகிட்டயே நாலு பேர் இருக்காங்க. நமக்கு வேண்டியது அக்டோபர் மாசத்துப் பையன்."

"அப்போ கெடுத்தது நான்," என்றார் ப்ரோனியுஸ். சத்தமாகச் சொல்லவில்லை.

"பெஞ்சுல உக்கார வெச்சது நீங்கதானே கோச்."

வீதேனிஸ் பேனாவை மூடினார். "உங்க ரெண்டு பேருக்குள்ளயே ஒரு முடிவு இல்ல. ஒரு மாசம் போகட்டும். பாப்போம்."

நடைபாதையில் ப்ரோனியுஸ் அவளுக்காக நின்றிருந்தார். கத்துவார் என்று நினைத்தாள். அவர் சன்னலில் படிந்த பனியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கெடைக்க இருந்தத தட்டி விட்டுட்டே. சரி, போகட்டும். ஒண்ணு கேக்கறேன், சொல்லு. உன் பத்து வருஷக் கணக்குல எத்தன பசங்க?"

சொன்னாள்.

"அதுல கண்ட கண்ட பக்கம் பந்த எறிஞ்சவன்லாம் பெரியாளா வந்தான்ங்கற. நானே அப்படிப்பட்டவனுங்கள வீட்டுக்கு அனுப்பிச்சிருக்கேன். பதினாறு வயசுல, பதினேழு வயசுல. இன்னும் எத்தனயோ கோச் அனுப்பிச்சிருக்கான். ஒருத்தன் டைல்ஸ் ஒட்டறான். ஒருத்தன் அயர்லாந்துல லாரி ஓட்டறான். அவனுங்க லீக்குக்கே வரலியே. உன் கணக்குல அவனுங்க எங்க இருக்கானுங்க? தாக்குப்பிடிச்சவன மட்டும் எண்ணிட்டு, எறிஞ்சா பெரியாளாவான்ங்கற."

இந்த வேலைக்கு வரும் முன் அவள் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்த்தவள். பாதியில் விலகிப்போனவர்களை விட்டுவிட்டு இருப்பவர்களை மட்டும் எண்ணாதே என்பதுதான் அங்கே சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அதை இந்த மனிதர், டைல்ஸ் ஒட்டுகிறவனையும் லாரி ஓட்டுகிறவனையும் நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். அவர்கள் பெயரெல்லாம் அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

"நீங்க சொல்றது சரிதான்," என்றாள் கடைசியில். "விட்டுப்போனவங்க என்கிட்ட இல்ல. ஆனா, அவங்கள நீங்க அனுப்பாம இருந்திருந்தா என்ன ஆயிருப்பாங்கங்கற கணக்கு உங்ககிட்டயும் இல்லியே கோச்."

ப்ரோனியுஸ் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். அன்று பயிற்சியில் கீதிஸிடம் என்ன சொன்னார், ஏதாவது சொன்னாரா என்று அவளுக்குத் தெரியாது. அவள் மட்டும் கீழே போய், தான் கூட்டத்தில் பேசியது அத்தனையும் அவனிடம் ஒளிக்காமல் சொன்னாள். அவன் ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "சரிங்க," என்றான். அவ்வளவுதான்.

சனிக்கிழமை அரங்கம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. வைவா மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கைக்கு ஒரு பெண்மணி வந்தார். வறுத்த பூண்டு ரொட்டிப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, அவளிடம் நீட்டினார்.

"எடுத்துக்கங்க. நீங்கதானே கணக்குப் பாக்கிறவங்க? நான் லைமா, கீதிஸோட அம்மா."

வைவா ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். "ஒப்பந்தம் தள்ளிப்போனதுக்கு நான்தான்…"

"சொன்னான்," என்றார் லைமா. "முந்தாநாள் உங்கள நல்லாத் திட்டினேன், தப்பா நெனச்சுக்காதீங்க. அப்புறம் அவன் ஒண்ணு சொன்னான். 'அம்மா, நான் பாக்கறத ஒருத்தங்க பாத்திருக்காங்க'ன்னான். சொல்லிட்டுத் தூங்கிட்டான். எனக்குத்தான் தூக்கம் வரல." மைதானத்தைப் பார்த்துக்கொண்டே கையைத் துடைத்தார். "நல்லா ஆடறானா? அத மட்டும் சொல்லுங்க. எனக்கு இது ஒண்ணும் புரியாது. அவன் விழாம இருந்தா போதும்னு பாத்துகிட்டு இருப்பேன்."

"நல்லா ஆடுவான்," என்றாள் வைவா.

முதல் பாதியில் அவன் எதுவும் செய்யவில்லை. பந்து பத்திரமாகப் போனது, பத்திரமாக வந்தது. மூன்றாவது கால் பகுதியின் நடுவில், கிளப் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தபோது, உக்னியுஸ் பின்பக்கமாக ஓடினான். கீதிஸின் தலை திரும்பியது. வைவாவின் விரல் விசைப்பலகையில் நின்றது. பந்து இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே, தரையோடு ஒட்டினாற்போல் பாய்ந்தது. உக்னியுஸின் விரல் நுனியில் பட்டது. ஒரு கணம் கைக்கு வந்துவிட்டதுபோல இருந்தது. பிறகு நழுவி, கோட்டைத் தாண்டிப் புகைப்படக்காரர்களின் காலடியில் உருண்டது. அரங்கமே ஒரே குரலில் முனகியது. பின்வரிசையில் ஒருவர், "யாருக்குடா போட்டே, உங்க தாத்தாவுக்கா?" என்று கத்தினார்.

உக்னியுஸ் தன் நெஞ்சில் தட்டித் தட்டிக் காட்டினான், தப்பு என்மேல் என்று. கீதிஸ் பெஞ்சுப் பக்கம் பார்க்காமல் தடுக்கப் பின்னால் ஓடினான்.

லைமா வைவாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன ஆச்சு? வெளிய எடுத்துடுவாரா?"

வைவா எட்டிப் பார்த்தாள். ப்ரோனியுஸ் எழுந்து பெஞ்சோரம் வந்திருந்தார். மாற்று ஆட்டக்காரன் மேல்சட்டையைக் கழற்றத் தொடங்கி, ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக அவர் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். ப்ரோனியுஸின் கை அந்தப் பையனின் தோளில் இருந்தது. அது அவனை எழுப்புகிறதா, உட்காரச் சொல்லி அழுத்துகிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை. அவர் கண் மைதானத்தில் இருந்தது. அங்கே எதிரணியின் எறிதல் வளையத்தில் பட்டுத் தெறித்தது. யாரோ தாவிப் பிடித்தார்கள். பந்து மறுபடியும் கீதிஸின் கைக்கு வந்திருந்தது.