லோவலா, ஹாக்கனா

என் தம்பி ஸ்டானின் கார் ஷெட்டில் அன்று பத்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று என்னுடையது. அடுத்த வருஷமும் அது என்னுடையதாக இருக்குமா என்பதுதான் அன்றைய பெரிய கேள்வி. எனக்குப் பெரிய கேள்வி. மற்ற ஒன்பது பேருக்கும் நல்ல பொழுதுபோக்கு.

ஏரிக்கரை ஊரான எங்கள் ஈரியில் கால்பந்து என்றால், பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து, மூன்று கட்சி. மேற்கே கிளீவ்லண்ட், கிழக்கே பஃபலோ, தெற்கே பிட்ஸ்பர்க், மூன்றும் ஏறக்குறைய ஒரே தூரம். சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்காருவோம். ஞாயிறு மதியம் ஆட்டம் தொடங்கிவிட்டால் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க மாட்டோம். இந்த மூன்று கட்சிக்காரர்களும் அடித்துக்கொள்ளாமல் கூடுகிற ஒரே இடம் எங்கள் ஃபேன்டசி லீக்.

அதில் யாரும் பந்தைத் தொடுவதில்லை. ஆகஸ்ட் கடைசியில் உட்கார்ந்து, ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒருவர் மாற்றி ஒருவராக எடுத்துக்கொள்வோம். எந்த அணிக்காரனையும் எடுக்கலாம். நீங்கள் எடுத்தவன் மைதானத்தில் எத்தனை கஜம் ஓடினான், எத்தனை பந்து பிடித்தான் என்பதற்கு உங்கள் கணக்கில் புள்ளி ஏறும். டிசம்பர் முடியும்போது மொத்தப் புள்ளி யாருக்குக் குறைவோ, அவர் நெடுஞ்சாலை வாஃபிள் கடையில் ஒரு முழு நாள் உட்கார வேண்டும். தின்கிற ஒவ்வொரு வாஃபிளுக்கும் ஒரு மணி நேரம் தள்ளுபடி. போன வருஷம் நான் பதினோரு வாஃபிள் தின்றேன். இன்றைக்கும் மேப்பிள் பாகு வாசனை வந்தால் எதிர்ப் பக்கத்துக்குப் போய்விடுவேன்.

இரண்டாம் வருஷமும் தொடர்ந்து கடைசி என்றால் வாஃபிள் கிடையாது. நாற்காலியே போய்விடும். வெளியே காத்திருக்கிறவர்களில் முதல் ஆள் வந்து உட்கார்ந்துகொள்வார்.

அந்த முதல் ஆள் யார் தெரியுமா? என் புருஷன் எர்வின்.

ஒரு வீட்டுக்கு ஒரு நாற்காலி என்பது சட்டம். லீக் தொடங்கியபோது பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட், அதனால் நான் சேர்ந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து ஆறு வருஷமாக ஷெட் வாசலில் எங்களுக்கு சாஸேஜ் சுட்டுக்கொண்டே தன் முறைக்குக் காத்திருக்கிறான். நான் விழுந்தால்தான் அவன் எழ முடியும். வீட்டில் இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். நகராட்சியின் பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறவள் நான். நவம்பர் வந்தால் நான் பார்ப்பதெல்லாம் வைப்பரும் வெள்ளையும்தான். அந்த மாதங்களில் என் போனில் வந்து விழுகிற கேலியும் திட்டும்தான் எனக்கு மனிதவாடை. அது போய்விட்டால் என்ன செய்வேன் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு முதல் பத்துச் சுற்றும் எனக்கு மோசமில்லாமல் போயின. ஸ்டானுக்குத்தான் மானம் போயிற்று. ஜூன் மாதம் வாங்கிய பத்திரிகையை வைத்துக்கொண்டு, ஜூலையிலேயே ஓய்வை அறிவித்துவிட்ட ஒருவனை நான்காம் சுற்றில் எடுத்தான். பெயரைச் சொல்லி ஸ்டிக்கரைப் பலகையில் ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான். அப்பனே வந்தாலும் மாற்ற முடியாது.

"அவன் இப்ப ஃபுளோரிடால மீன் பிடிச்சிட்டு இருக்கான்டா" என்றாள் குக்கி. லீக்கை நடத்துகிற கமிஷனர் அவள்தான். பள்ளி பஸ் அலுவலகத்தில் அத்தனை டிரைவர்களையும் அதட்டிப் பழகிய குரல். "மீனுக்குப் புள்ளி கெடையாது."

ஸ்டானுக்குக் காது சிவந்துவிட்டது. "சிரிங்க, சிரிங்க. போன வருஷம் கோப்பைய எடுத்தவன் நான்."

"அது போன வருஷம். இந்த வருஷம் வாஃபிள் கடைல உனக்கு ஜன்னலோர சீட்டு போட்டு வெக்கறேன்" என்றேன். சும்மா இருந்திருக்கலாம். பதினோராம் சுற்று வந்தது.

அந்தச் சுற்றில் கிடைப்பவர்களை நாங்கள் தூங்குமூஞ்சிகள் என்போம். பெரிய பெயர்கள் எல்லாம் போன பிறகு, ஊர் கண்ணில் படாமல் மிச்சமிருக்கிற பயல்கள். ஒருவன் தூங்கியே சாவான். இன்னொருவன் விழித்துக்கொண்டால் உங்களையே தூக்கி நிறுத்துவான். எனக்கு ஒரு ரிசீவர் வேண்டும், ஓடிப் போய்ப் பந்தைப் பிடிக்கிறவன். ஸ்டிக்கர் தாளில் தேறுகிற மாதிரி இருவர்தான் பாக்கி. பஃபலோவின் ஹாக்கன், கிளீவ்லண்டின் லோவல்.

எனக்கு அடுத்த முறை ஸ்டானுடையது. "அக்கா, நீ எவன விடறியோ அவன் எனக்கு. யோசிக்காம ஒருத்தன விடு" என்றான்.

குக்கி முட்டை வேகவைக்கிற டைமரைத் திருகி மேஜையில் வைத்தாள். இரண்டு நிமிஷம். அது டிக் டிக்கென்று ஓடத் தொடங்கியது. ஹாக்கனைப் பற்றி எல்லாப் பத்திரிகையும் எழுதியிருந்தது. பயிற்சி ஆட்டத்தில் அவன் பிடித்த இரண்டு நீளப் பந்துகளை நானே டிவியில் பார்த்தேன். லோவல் புதுப் பையன், யாரும் கேள்விப்படாத கல்லூரி. கை தானாக ஹாக்கன் ஸ்டிக்கரை நோக்கிப் போயிற்று.

"லோவல எடு, ரோண்டா."

வாசலிலிருந்து எர்வின். கையில் இடுக்கி, மேலே பஃபலோ சட்டை. ஷெட்டில் கூரை பிய்ந்துவிடும் போல் சிரிப்பு.

"பாத்தியா கூத்த!" என்றான் ஸ்டான். "மச்சான் ஜென்மத்துல கிளீவ்லண்டுக்காரன ஒருத்தன நல்லவன்னு சொன்னதுண்டா? உன்ன கவுத்துட்டு உன் சேர்ல உக்காரப் பாக்கறாரு. நம்பாத அக்கா."

"நீ சும்மா இருடா. உன் மீன்காரன போய்ப் பாரு" என்றான் எர்வின். என்னைப் பார்த்துச் சொன்னான்: "ஹாக்கன் அந்த ரெண்டு பந்தையும் எப்பப் பிடிச்சான்? ஆட்டம் முடியப்போற நேரத்துல. எதிர்ல நின்னவனுங்க எல்லாம் மறுநாளே டீம்லேர்ந்து தூக்கின பசங்க. அவனுங்கள தாண்டி நானே ஓடுவேன்."

"உன் முட்டிய வெச்சுக்கிட்டா?"

"லோவல பாரு. கிளீவ்லண்ட்ல பந்து எறியறவன் பயந்துட்டா யார தேடறான்? எதிரணிக்காரனுங்க நாலு பேரு மேல பாயறப்ப, அவன் கண்ணு யார் பக்கம் போகுது? பயிற்சி ஆட்டத்துல நாலு தடவ லோவல்கிட்டதான் போச்சு. பயத்துல தேடறவனதான் நம்பறான்னு அர்த்தம்."

சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சீட்டாட்டத்தில் முட்டாள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு என்னிடம் முப்பது வருஷமாகக் கறந்தவனும் இதே ஆள்தான். வீட்டில் கருகிய ரொட்டியைத் தான் எடுத்துக்கொண்டு நல்லதை என் தட்டில் வைப்பவனும் இவன்தான். இப்போது பேசுவது எந்த எர்வின்? முகத்தைப் பார்த்தேன். அவன் கண் புகையில் கலங்கியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை.

"நீ எனக்கு நல்லது சொல்றியா, உனக்கு நல்லது சொல்றியா?" என்று கேட்டேன். அத்தனை பேர் முன்னால். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு கூர்மை என்று தெரிந்தது.

எர்வின் இடுக்கியைக் கீழே வைத்தான்.

"குக்கி, என்னைய வரிசைலேர்ந்து எடுத்துடு."

"என்னது?"

"காத்திருக்கிற வரிசை. முதல்ல டெனிய போடு. நான் வெலகிக்கறேன்."

டெனி எங்கள் பக்கத்து வீட்டுக்காரன், வரிசையில் இரண்டாவது. ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவன் பீர் தெறிக்க எழுந்து நின்றான். "நெசமாவா எர்வின்?"

"உக்காருடா. பறக்காத."

"வெளையாட்டுக்கு சொன்னாலும் நான் மாத்திடுவேன். திரும்பி வரணும்னா கடைசிலதான்" என்றாள் குக்கி.

"கடைசிலயே போடு." பிறகு என் பக்கம் திரும்பினான். "இப்ப நீ விழுந்தா எனக்கு ஒண்ணும் இல்ல. டெனிக்குதான் யோகம். இப்ப சொல்றேன், லோவல எடு."

ஆறு கோடை வெயிலில் நின்று பிடித்து வைத்திருந்த இடம்! அதை ஒரு பதினோராம் சுற்றுப் பயலுக்காகத் தூக்கிப் போடுவானா ஒரு மனுஷன்? மடையன், மடையன் என்று மனசுக்குள் திட்டினேன். அந்த நிமிஷத்தில் அவன்மேல் எனக்கு வந்த ஆசையைக் கல்யாணத்தன்றுகூட நான் அறிந்ததில்லை.

டைமர் அடிக்க ஒரு மூச்சு பாக்கி. லோவல் ஸ்டிக்கரை உரித்துப் பலகையில் அறைந்தேன்.

"ரொம்ப சந்தோஷம்" என்று ஸ்டான் ஹாக்கனை எடுத்து முத்தம் கொடுத்து ஒட்டினான். "அக்கா, மாமியார் வீட்டுல தூங்கற மாப்பிள்ளைய எடுத்திருக்க. நல்லா தூங்கட்டும்."

தூங்கினான். செப்டம்பர் முழுக்க லோவல் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். ஹாக்கன் பறந்தான். தினமும் ஸ்டான் போனில் ஒரு தலையணைப் படம் அனுப்புவான். "உங்க வீட்டு நாற்காலில குஷன் போடலாமா?" என்று டெனி வேலியருகே நின்று கேட்டான். நான் எர்வினிடம் எரிந்து விழுந்தேன். அவன் "பொறு" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

அக்டோபரில் கிளீவ்லண்டின் முதல் ரிசீவருக்கு முழங்கால் போயிற்று. லோவல் உள்ளே வந்தான். எர்வின் சொன்னது அப்படியே நடந்தது. பந்து எறிகிறவன் பயந்த போதெல்லாம் லோவலைத் தேடினான்; நவம்பர் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தான், புண்ணியவான். நான் படிப்படியாக மேலே ஏறினேன். மீன்காரன் விட்ட ஓட்டையால் ஸ்டான் கீழே இறங்கினான். கடைசி ஞாயிறு வந்தபோது அடியில் நாங்கள் இருவர்தான். ஸ்டான் எனக்கு ஐந்து புள்ளி முன்னால். மிச்சமிருந்தது ஒரே ஆட்டம், அதுவும் கிளீவ்லண்டில். கிளீவ்லண்டும் பஃபலோவும்.

பஃபலோ தோற்றால் அவர்களுக்கு அந்த வருஷம் அத்தோடு முடிந்தது. எர்வினின் அப்பா பஃபலோ, தாத்தா பஃபலோ. பஃபலோவுக்கு எதிராக ஒரு நடுவர் சொன்ன தீர்ப்பைச் சரி என்று அவன் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததே இல்லை.

எனக்கு அன்று டியூட்டி. ஏரியிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிகிற நேரத்தில் பனி கரைய ரோட்டில் தூவும் உப்பை நிரப்பும் கொட்டகையில் லாரியை நிறுத்தி, எர்வினைப் போனில் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவன் வீட்டில் டிவி முன்னால்.

"பத்து செகண்டு இருக்கு. பஃபலோ நாலு பாயின்ட் முன்னாடி" என்றான். "ஹாக்கன் முடிஞ்சான், இனிமே அவனுக்கு ஒண்ணும் கெடையாது. ஸ்டான் இன்னும் அஞ்சு முன்னாடி. கடைசிக் கட்டத்துக்குள்ள லோவல் பிடிச்சா டச்டவுன், ஆறு புள்ளி, நீ தப்பிச்ச."

"பிடிச்சா பஃபலோ தோத்துடுமே."

"ஆமா" என்றான்.

உப்பு சரசரவென்று லாரியில் விழுந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"எறியறான்... நாலு பேரு மேல பாயறாங்க... தேடறான். கட்டத்து மூலைக்கு எறிஞ்சுட்டான். லோவல்! லோவல் பிடிச்சுட்டான்!" பிறகு சத்தம் நின்றது. "இரு. இரு. கோட்டுக்கு வெளிய பிடிச்சான்னு கை காட்டறான் நடுவர். படத்த திரும்பப் போட்டுப் பாக்கப் போறாங்க. நேரம் முடிஞ்சுது."

"ரெண்டு காலும் உள்ள இருந்துச்சா?"

"தெரியல. மெதுவா காட்டறாங்க."

டிவியில் பஃபலோக்காரர்கள் கத்துவது போனில் கேட்டது. வெளியே, வெளியே என்று.

"எர்வின்?"

"எடது காலு உள்ள. அதுல சந்தேகமே இல்ல." நிறுத்தினான். "வலது கால இழுத்துட்டுப் போயிருக்கான். பனில கட்டைவிரல் போன தடம் இருக்கு. நீளமா. கோட்டுக்கு இந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்? நடுவர் என்ன சொல்றாரு?"

"அவரு இன்னும் வரல." என் புருஷன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "உள்ளதான், ரோண்டா. கால் உள்ளதான் இருந்துச்சு."

நடுவர் வரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. ஹாரனில் கை வைத்து, உப்பு கொட்டகையிலிருந்து ஸ்டேட் தெரு முழுக்க, ஏரி வரைக்கும், எடுக்காமல் அழுத்திக்கொண்டே போனேன்.