கவர்னர் ஃப்ரிட்ஜ் வாங்கப் போனார்

எங்கள் அத்தான் மத்திய வங்கியின் கவர்னர் ஆனதற்குத் திறமைதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தது அவருடைய வாய். எதற்கும் பிடி கொடுக்காத வாய். வட்டி ஏறுமா என்று கேட்டால், "ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம், ரெண்டையும் கவனிச்சிட்டு வர்றோம்" என்பார். பாம்பும் சாகணும், கம்பும் உடையக்கூடாது என்பார்கள். இவருக்குப் பாம்பே சாகக்கூடாது. வங்கிக்குள் அவருக்கு 'வழவழா' என்று பட்டப்பெயர். அங்கே இரண்டு கோஷ்டிகள் முட்டிக்கொண்டு நின்றபோது, இரண்டுமே தனித்தனியாக அமைச்சரிடம் போய், "வழவழா நம்ம ஆளு, அவரையே போடுங்க" என்றன. போட்டார்கள்.

அந்த வாயால் நொந்துபோனவள் என் அக்கா ஒருத்திதான். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன எதையும் அவர் தப்பு என்றதில்லை, சரி என்றதும் இல்லை. ஜன்னலுக்குப் பச்சைத் திரை போடலாமா என்று கேட்டால், "பச்சைக்கும் சில சாதகங்கள் இருக்கு" என்பார். "ஒரே ஒரு தடவை 'நீ சொல்றது சரி'ன்னு அந்த மனுஷன் வாயால கேட்டுட்டா போதும்டா, நிம்மதியா கண்ணை மூடிடுவேன்" என்று என்னிடம் புலம்புவாள்.

நானும் கவர்னர் மாளிகையின் மாடி அறையில்தான் இருந்தேன். வேலை தேடிக்கொண்டிருந்தேன். எங்கே கிடைத்துத் தொலைத்துவிடுமோ என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை இல்லை.

எல்லாம் ஒரு ஃப்ரிட்ஜால் வந்தது. பழையது ஒழுக ஆரம்பித்திருந்ததால் அக்கா அத்தானைக் கடைக்கு இழுத்துப் போனாள். நானும் போனேன். அக்கா ஒவ்வொரு கதவாகத் திறந்து, காய்கறித் தட்டை இழுத்துப் பார்த்து, உள்ளே தலையை விட்டு முகர்ந்து, மூடினாள். அத்தான் அன்றைக்குப் புது ஷூ போட்டிருந்தார். அது கட்டைவிரலைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனால் போதும் என்ற வேதனையில், வாழ்க்கையிலேயே முதன்முறையாகத் தெளிவாக ஒன்றைச் சொன்னார்.

"இப்ப வேணாம். அடுத்த மாசம் வாங்கிக்கலாம்."

கடைக்காரர் காதில் விழுந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அன்று மாலையே எல்லாச் சேனலிலும் செய்தி: கவர்னரே காத்திருக்கிறார், விலை சரியப்போகிறது. மறுநாள் நாட்டில் யாரும் ஃப்ரிட்ஜ் வாங்கவில்லை. அப்புறம் கட்டில் வாங்கவில்லை, கார் வாங்கவில்லை, சட்டை வாங்கவில்லை. மோதிரம் மலிவாகட்டும் என்று கல்யாணத்தையே ஒருவன் தள்ளிவைத்தான். கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். ஈ ஓட்டிச் சலித்து விலையைக் குறைத்தார்கள். பார்த்தீர்களா, கவர்னர் சொன்னது பலித்துவிட்டது என்று ஜனங்கள் இன்னும் காத்திருந்தார்கள்.

அத்தான் நிருபர்களைக் கூப்பிட்டு, "ஷூ கடிச்சுதுங்க, அவ்வளவுதான்" என்று உண்மையைச் சொன்னார். எவனும் நம்பவில்லை. ஷூ என்றால் நாணய மதிப்பு, கடிபட்ட விரல்தான் ஏற்றுமதி என்று டிவியில் ஒரு நிபுணர் படம் போட்டு விளக்கினார்.

கடைசியில் அமைச்சர் போன் செய்தார். "அதே கடைக்குப் போங்க. டிவிக்காரங்க முன்னாடி அதே ஃப்ரிட்ஜை வாங்குங்க. சொன்ன விலையைக் கொடுக்கணும், பேரம் கூடாது. வாங்கினா நாற்காலி உங்களுக்கு. இல்லைன்னா இன்னிக்கே ராஜினாமா."

நான் அக்காவின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும், கடையில மட்டும் வாயைத் திறக்காதே."

"நான் ஏண்டா திறக்கப்போறேன்?" என்றாள்.

கடைக்குள் கேமராக்கள் மொய்த்தன. ஃப்ரிட்ஜைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார் கடைக்காரர். கவர்னர் எப்படியும் வாங்கியே ஆகவேண்டும் என்பது அவருக்கும் தெரியும் அல்லவா? தன் புத்தியைக் காட்டிவிட்டார். அக்கா விலைச் சீட்டைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"ஏங்க, அநியாயமா இருக்கே! ஊர் முழுக்க விலை இறங்கிக் கிடக்கு, இந்த ஆளு போன தடவையை விட ஏத்தி எழுதியிருக்கான். இதை வாங்கினா நம்மளை மாதிரி முட்டாளுங்க கிடையாது. வாங்க போலாம், இறங்கட்டும்!"

மைக்குகள் எல்லாம் அத்தான் பக்கம் திரும்பின. 'வழவழன்னு ஏதாவது சொல்லுங்க அத்தான், எப்பவும் சொல்வீங்களே' என்று நான் மனசுக்குள் அடித்துக்கொண்டேன். அக்காவுக்கு அப்போதுதான் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. அவள் அப்படிப் பயந்து நின்று நான் பார்த்ததே இல்லை. அத்தானும் பார்த்ததில்லை போலிருக்கிறது. கேமராவைப் பார்த்தார், விலைச் சீட்டைப் பார்த்தார், அவளை வெகுநேரம் பார்த்தார்.

"அவ சொல்றது சரி" என்றார்.

காரில் ஏறுவதற்குள் பங்குச் சந்தை விழுந்துவிட்டது. அமைச்சரின் போன் வந்தது. அத்தான் கேட்டுக்கொண்டார். "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"போச்சா அத்தான்?"

"போச்சு மாப்ள."

என் மாடி அறையும், ஜன்னலோரக் கட்டிலும், சுடச்சுட மேலே வரும் காபியும் கண்முன்னால் வந்துபோயின. பின் சீட்டில் அக்கா விசும்பிக்கொண்டிருந்தாள். எனக்கே ஆறுதல் தேவைப்பட்ட நேரத்தில் அவளுக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

"விடுக்கா. பதவி இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும்."

"அதுக்கு யாருடா அழறா?" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மைக்குல சொன்னாருடா. நாடே கேட்டுச்சு."

பிறகு முன்னால் குனிந்து டிரைவரின் தோளைத் தட்டினாள். "தம்பி, வண்டியைத் திருப்புங்க. அந்த ஃப்ரிட்ஜை வாங்கிடலாம்."

"என்ன விலைக்கு?" என்றேன்.

"அவன் எழுதி வெச்சிருக்கிற விலைக்குத்தான்" என்றாள் அக்கா.