முப்பத்தேழாம் நம்பர்

அந்தக் கட்டுமானக் கம்பெனியில் வரவேற்பாளருக்கு இரண்டு வேலை. ஒன்று, ஃபோன் எடுப்பது. இன்னொன்று, முதலாளியம்மாவின் புது ஹீல்ஸை ஒரு வாரம் தன் காலில் போட்டு நடந்து, கடிக்காமல் பழக்கிக் கொடுப்பது. வேலை உத்தரவில் இரண்டாவதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஐந்து வருடத்துக்கு முன் முதலாளியம்மா அவளிடம், "உன் கால் சைஸ் என்ன?" என்று கேட்டபோது மேசைமேல் ஒரு பெட்டி திறந்திருந்தது. மூடியில் 37 என்று ஒட்டியிருந்தது; உள்ளே கரும்பச்சையில் ஊசிக் குதிகால் ஜோடி. பஸ் ஏறும் முன் தினமும் செருப்புக்கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அவள் பார்த்த அதே ஜோடி.

"முப்பத்தேழு மேடம்."

அவள் சைஸ் முப்பத்தெட்டு. ஒரு நம்பர்தானே, யார் அளக்கப்போகிறார்கள் என்று வம்பை விலைக்கு வாங்கினாள்.

திங்கட்கிழமை கடிக்கும். புதனன்று குதிகாலில் பிளாஸ்திரி ஏறும். வெள்ளியன்று தோல் இளகி, நடை சுகமாகும் நேரத்தில் பெட்டி கைமாறிவிடும். "வெண்ணெய் மாதிரி இருக்கு. உன் கால் ராசி," என்பார் முதலாளியம்மா. பெரிய கால் விரித்துவிட்ட தோல் வேறெப்படி இருக்கும்?

"விட்டுத் தொலையேன்," என்பான் புருஷன். விட்டால் அந்தச் செருப்புகளை எந்த ஜென்மத்தில் போடுவது? இதை அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. லிஃப்ட் கண்ணாடியில் அந்தக் கால்களைப் பார்க்கும் ஒரு நிமிடத்துக்காக அவள் எல்லாவற்றையும் பொறுத்தாள்.

இப்போது சுண்டுவிரல்கள் இரண்டும் மரத்துவிட்டன. இனி இறுக்கமாகப் போட்டால் நடையே போய்விடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இந்த வெள்ளிக்கிழமை, இனி தன்னால் முடியாது என்று சொல்லிவிடுவதென்று அவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனாள்.

அவள் வாயைத் திறக்குமுன் முதலாளியம்மா அவளைக் காரில் ஏற்றி அதே கடைக்குக் கூட்டிப்போனார்.

"எனக்காக எவ்வளவு நடந்திருக்க. இன்னைக்கு உனக்கு. பிடிச்சத எடு."

ஒயின் சிவப்பில் ஒரு ஜோடி. அவள் கை அதற்குத்தான் போனது. கடைக்காரர் அளவுப் பலகையோடு முன்னால் குந்தினார்.

"அளந்துடலாமா?"

"எதுக்கு? எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ். முப்பத்தேழு," என்றார் முதலாளியம்மா.

கடைக்காரர் அவள் பாதத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பலகையைக் கீழே வைக்காமல் காத்திருந்தார்.

"மேடம்..."

"சொல்லும்மா." கூடப்பிறந்தவளுக்கு வாங்கித் தருகிற பூரிப்பு அந்த முகத்தில். ஐந்து வருடப் பொய்யை அதன் முன்னால் எப்படி அவிழ்ப்பது?

"ஒண்ணுமில்ல. முப்பத்தேழுதான்."

கம்பளத்தில் நாலு எட்டு நடந்து காட்டினாள்.

"கடிக்குதா?"

"போடப்போட சரியாயிடும் மேடம்."

"திங்கக்கிழமையிலருந்து தினம் இதத்தான் போட்டுட்டு வரணும். நான் பாக்கணும்."

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மற்ற ஜோடிகளை எல்லாம் வெள்ளிக்கிழமையானால் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. இது அவளுடையது.